புரட்டாத மீன்

கதிரவன் மேற்கே பனங்காட்டுக்குள் இறங்கிவிட, கீழ்த்திசையில் எழுந்த முழுநிலா கழிமுகத்து நீரிலெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டிருந்தது. அந்த அழகில் மயங்கி நின்றுவிடாமல், அன்பு வாசகர்களே, நெய் மணக்கும் திசைக்கு வாருங்கள். வண்டல்துறைக் கோட்டையில் இன்று அயல்நாட்டு வணிகருக்கு விருந்து.

அராபியர் கொணர்ந்த பேரீச்சம்பழம் பாலில் ஊறிக் கிடந்தது. சீனத்து மாலுமிகள் இஞ்சியிட்டு அவித்த வாத்திலிருந்து ஆவி பறந்தது. ஆயினும் ஒவ்வோர் இலையிலும் மிளகு தடவிச் சுட்ட முழு வாவல் மீன் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது கோட்டைத் தலைவர் ஏனாதி சாத்தன் கணவதியின் கட்டளை. காரணம் மடைப்பள்ளித் தலைவி பூவணிக்கு மட்டுமே தெரியும்.

"நம் கடற்படை புறப்படும் நாளை அறிய, பவளத்தீவின் இளவரசன் வேடமிட்டு வந்திருக்கிறான்" என்று அவர் சொல்லியிருந்தார். "அந்தத் தீவார் இலையில் மீனைப் புரட்டமாட்டார்கள். புரட்டினால் கலம் கவிழுமாம். மேற்பாதியைத் தின்று, முள்ளை உருவிவிட்டு அடிப்பாதியை உண்பார்கள். அப்படி உண்பவன் நாளை உயிரோடிருக்கமாட்டான். கவனித்துச் சொல்."

பந்தி நடந்தது. எல்லோரும் மீனைப் புரட்டினார்கள், ஒருவனைத் தவிர. கொங்குநாட்டுக் குதிரை வணிகன் மயிலன் நடுமுள்ளின் வால்நுனியை இரு விரல்களால் பற்றினான். மூன்று நாளாகக் குதிரைக்குக் கொள்ளு வேண்டும் என்று மடைப்பள்ளி வாயிலுக்கு வந்து, வந்த காரியத்தை மறந்து பேசிக்கொண்டே நின்றவன் அவன். பாவம், அந்த மூன்று நாளும் பூவணிக்கு எவ்வளவு இனித்திருந்தன!

ஏனாதி இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தார். பூவணி சோறு பரிமாறுபவள் போலக் குனிந்து, அகப்பையால் அந்த மீனைப் புரட்டிப் போட்டாள்.

"எச்சிலில் அகப்பை பட்டதே?" என்றார் ஏனாதி.

"கை தவறிவிட்டது ஐயனே, பொறுத்தருளவேண்டும். வேறு அகப்பை கொண்டு வருகிறேன்."

அவர் இலையைப் பார்த்தார். புரண்ட மீனைக் கண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பந்தி கலைந்ததும் மடைப்பள்ளியின் நீர்வாயிலில் படகு ஒன்று ஆடி நின்றது.

"நான் யாரென்று அறிந்துதான் செய்தாயா?" என்று படகிலிருந்து கேட்டான் மயிலனாக வந்திருந்த பவளத்தீவின் இளவரசன் தருணவர்மன்.

"அறிந்துதான் செய்தேன், இளவரசே."

"வேவு பார்த்தது உண்மை. படை வருமுன் பெண்டு பிள்ளைகளை மலையேற்ற வேண்டும். அதற்குத்தான் நாள் கேட்டு வந்தேன். ஆனால் பூவணி, மீனைப் புரட்டும்போது உன் கை ஏன் அப்படி நடுங்கியது?"

"என் தாய் உங்கள் தீவிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். நான் பிறந்து இன்றுவரை ஒரு மீனையும் புரட்டியதில்லை."

அவன், படகின் விளிம்பைப் பற்றியிருந்த அவள் கையின்மேல் தன் கையை வைத்தான்.

"போர் ஓய்ந்ததும் உன்னை அழைத்துப்போக இந்தத் துறைக்கே வருவேன். கடல்மேல் ஆணை."

"முதலில் கலம் கவிழாமல் ஊர் போய்ச் சேருங்கள்" என்றாள் பூவணி, கண்ணீரைத் துடைக்காமலே. "இல்லையேல் அந்தப் பழி என் கையைத்தான் சேரும்."

சொல்லிவிட்டு, படகை அவளே தள்ளிவிட்டாள்.