மண்ணீரலில் பாதி

வேலை முடிந்தவர்கள் நாயை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். செவ்வாயின் வடகுடியிருப்பில் அது வழக்கம். அங்கிருந்த மனிதர்கள் எல்லோரும் செவ்வாயிலேயே பிறந்தவர்கள். நாய் மட்டும் கடைசிக் கப்பலில் பூமியின் தேனி ஊரிலிருந்து வந்தது, பெயரும் தேனிதான். தாங்கள் நனைந்தே அறியாத மழையின் வாசம் அதன் கழுத்து மயிரில் வீசுகிறது என்று சத்தியமே செய்தார்கள். அவர்கள் பேச்சில் மண் என்றால் பூமி. காலடியில் கிடந்தது வெறும் புழுதி.

குறைந்த ஈர்ப்பில் துள்ளிப் பாய்ந்த தேனி ஒருநாள் கதவில் மோதியது. மண்ணீரலின் நுனி கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தது.

"முழுசா எடுத்துடலாம். அது இல்லாமயும் நாய் நல்லா இருக்கும்," என்றார் கால்நடை மருத்துவர் மங்கையர்க்கரசி.

தேனியை வளர்த்த தேவசகாயம் பதறினார். "மண்ணீரலையா? பேருலயே மண்ணு இருக்கே டாக்டரம்மா! அதையும் எடுத்துட்டா இவளும் நம்மள மாதிரி ஆயிடுவாளே!"

"வெறும் பேருய்யா அது. ரத்தத்த வடிகட்டுற உறுப்பு. மண்ணு ஒரு பொட்டுகூட கிடையாது."

"பேரு வச்சவங்க என்ன முட்டாளா? பாதியாச்சும் விடுங்கம்மா."

"பாதிய விட்டா, வெட்டுன எடத்துல மறுபடி கசியலாம். உசுருக்கே ஆபத்து."

"மண்ணு போன பெறகு உசுரு எதுக்கு?"

மருத்துவர் பெருமூச்சு விட்டுத் தைமுள் கருவியை எடுத்தார். காகிதம் தைக்கும் ஸ்டேப்ளரின் தூரத்து உறவு அது. மண்ணீரல் பஞ்சுபோல் ரத்தம் ஊறிய உறுப்பு. நூலால் இறுக்கினால் கிழியும். அதனால் முதலில் கிழிந்த நுனிக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் கட்டினார். நுனி கருத்தது, எங்கே வெட்ட வேண்டும் என்பதை அந்த நிறமே கோடு போட்டுக் காட்டிவிட்டது. அங்கே விரல்களால் மெல்ல நசுக்கித் தட்டையாக்கி, கருவியின் தாடைகளை மூடினார். டைட்டானிய முட்கள் வரிசை வரிசையாக இறங்கி மடங்கின. செங்கல் சுவர்போல, ஒரு வரிசையின் இடைவெளியை அடுத்த வரிசை அடைத்தது. முட்களுக்கு அப்பால், கருத்த நுனிப் பக்கமாக வெட்டினார். காத்திருந்தார். கசியவில்லை.

தேனி கண் விழித்து வாலை ஆட்டியது. தேவசகாயம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் வயிற்றுத் தோலின் தையல் பிரிக்க வந்த மருத்துவர் பொதுக்கூடத்தில் நின்றுவிட்டார். மேடையில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே அந்தக் கருத்த துண்டு, குப்பியின் கழுத்தில் காகிதப் பூமாலை. குப்பியின் மூடியை முகர்ந்தவர்கள் கண்மூடி, "அடடா, மழை!" என்று உருகிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்குள் நுழைந்த தேனி, தேவசகாயத்தின் முழங்காலில் மூக்கை உரசியது.

"ச்சூ! அந்தாண்ட போ! மண்ணு மேல மூச்சு படுதுல்ல!"