தழைமேட்டில் சொல்லாத பேர்

உங்கள் உயிர் நண்பன் ஒரே ஒரு நாளாவது தோற்றுப்போக வேண்டும் என்று நீங்கள் மனதார ஆசைப்பட்டதுண்டா?

நான் ஆசைப்பட்டேன். எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை.

எனக்கும் நவுஷாத்துக்கும் அப்போது இருபத்திரண்டு வயது. அவன் அப்பா சாதுல்லா பாய்க்குக் கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஜவுளிக்கடை. நான் நைனார்பாளையத்துக் குத்தகைக்காரர் மகன். படிக்க டவுனுக்கு வந்து, அங்கேயே பேஸ்கட்பால் கிரவுண்டில் அவனோடு ஒட்டிக்கொண்டவன். எங்கள் கிளப் டீமில் இரண்டு பேருமே ஃபார்வர்டு. அவன் முதல் ஐந்து பேரில் ஒருவன். நான் பெஞ்ச். ஆறு வருஷமாக பெஞ்ச்.

நான் போட்டிருந்த ஷூகூட அவன் போட்டுக் கழித்தது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

அந்த வருஷம் சேலத்தில் பெரிய டோர்னமென்ட். வடக்கே ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்க வருகிறார் என்று பேச்சு. ஒரு ஃபார்வர்டு வேண்டுமாம். ஒரே ஒரு வேலை. அது யாருக்கு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

டீம் புதன்கிழமையே போய்விட்டது. நவுஷாத்தின் அக்கா பௌசியாவுக்குப் பிரசவம். அதனால் அவன் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். கிளம்பும்போது மேனேஜர் அய்யப்பன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ இருந்து அவன பத்திரமா கூட்டிக்கினு வா. அவன் வரலைன்னா நமக்கு ஆட்டமே இல்ல."

நான் வரவில்லை என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் ஆரம்பித்தது. சேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. நவுஷாத் அவன் அப்பாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டிவந்தான்.

"கச்சிராயபாளையம் போயி மலைமேல ஏறிடலாம்டா. வெள்ளிமலை, கருமந்துறை, அந்தாண்ட இறங்குனா சேலம். மலைமேல எவன் மரம் வெட்டப்போறான்?"

"ரோடு இன்னா லட்சணத்துல இருக்கோ."

"உனக்கு இன்னாடா, பின்னாடி ஒக்காந்து தூங்கிக்கினு வரப்போற."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எங்கே போனாலும் அவன் முன்னால், நான் பின்னால்.

வெள்ளிமலைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. டீக்கடை என்று ஒரே ஒரு கூரை. கடைக்காரி பெயர் ஆயம்மாள். மலைக்காரர்கள் யாரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். கலெக்டரே வந்தாலும் அப்படித்தான்.

"கருமந்துறைக்கா போற? தழைமேட்டுல தழை போட்டுட்டுப் போ."

"எதுக்குக்கா?" என்றான் நவுஷாத்.

"அந்தக் காலத்துல ரெண்டு பேரு கூட்டாளியா போனாங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சல். இன்னொருத்தன் அவன அங்கயே வுட்டுட்டு நடந்துட்டான். கெடந்தவன் கூப்பிட்டுக் கூப்பிட்டே செத்தான். அதுலேருந்து அந்தப் பக்கம் போறவங்க தழை ஒடிச்சுப் போடணும். உனக்கு நீ போடக்கூடாது. கூட வர்றவனுக்குப் போடணும். அவன் பேரச் சொல்லி, 'இவன் என்கூட வர்றான்'னு சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"கூட ஆள் இல்லாதவன்னு நெனச்சு அது கூட வந்துரும்." அவள் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "மறந்துட்டாலும் பரவால்ல. அன்னிக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள அவன் காதுல படறாப்ல சொல்லிடு. உட்டுரும்."

நவுஷாத் சிரித்தான். "கவலப்படாதக்கா, இவனுக்கு என்ன உட்டா ஆளே இல்ல."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

தழைமேடு ஒரு வளைவில் இருந்தது. மூன்று ஆள் உயரத்துக்கு இலையும் குச்சியும் குவிந்து, அடியில் கறுத்து மக்கிக்கிடந்தது. ஈர இலையின் அழுகல் வாடை. பகல் பன்னிரண்டு மணிக்கே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

நவுஷாத் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு கொப்பை ஒடித்துப் போட்டான். சத்தமாகச் சொன்னான்: "சுபாஷு என்கூட வர்றான்!"

பிறகு என்னைப் பார்த்தான். "போடுடா. கொறஞ்சா போயிடும்?" வண்டியைக் கிளப்ப அந்தப் பக்கம் திரும்பினான்.

என் கையில் ஒடித்த கொப்பு இருந்தது. மூன்றே வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு அந்தக் கம்பெனி ஆள் யார் பெயரை எழுதிக்கொள்வார் என்று யோசித்தேன். ஒருநாள், ஒரே ஒருநாள் இவனுக்குக் கை நடுங்கக்கூடாதா என்று யோசித்தேன்.

கொப்பை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் எறிந்தேன்.

"போட்டியா?"

"போட்டேன்டா."

அதற்கப்புறம் செங்குத்தான ஏற்றம். ராஜ்தூத் இரண்டு பேரை இழுக்காது. இப்படிப்பட்ட இடத்தில் நான் இறங்கி நடப்பதும், அவன் மேலே போய் நிற்பதும் எங்களுக்குப் பழக்கம். இறங்கினேன். வண்டி முக்கிக்கொண்டு பனிக்குள் போனது. கொஞ்ச தூரத்தில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நான் நடந்தேன். என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

மேலே நவுஷாத் பேசுவது கேட்டது. ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னிடம் இந்த மாதிரி அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

யாரோ பதில் சொன்னார்கள்.

நான் நின்றுவிட்டேன்.

அது என் குரல்.

ஓடினேன். பனிக்குள்ளிருந்து வண்டி தெரிந்தது. நவுஷாத் மட்டும்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"நீ எப்படா இறங்குன?"

"அடியிலயே இறங்கிட்டேனே."

"இல்லடா. பாதியில ஏறிக்கினியே. தோள்மேல கை வெச்ச." அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான். சட்டை அந்த இடத்தில் நனைந்திருந்தது. "ஜில்லுனு இருக்குதேன்னு சொன்னேன். நீ சிரிச்சியே."

பின்சீட்டில் உட்கார்ந்தேன். ரெக்ஸின் ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது.

வழியெல்லாம் அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். விளக்கு வைக்கும்வரை நேரம் இருக்கிறதே என்று மனசு சமாதானம் சொன்னது.

சேலத்துக்குள் நுழையும்போது மூன்றரை மணி. நாலரைக்கு மேட்ச். நவுஷாத் வந்துவிட்டான் என்றதும் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நான் வழக்கம்போல பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவன் அன்றைக்கு ஆடிய மாதிரி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தூரத்திலிருந்து, முதுகு திரும்பி, இடது கையால் என்று எப்படிப் போட்டாலும் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தழை போடாமல் விட்டால் இவனுக்கு இன்னும் நல்லதுதான் நடக்குமா?

அப்போதுதான் கவனித்தேன். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தவன், கண்ணால் பார்க்காமலேயே இடது மூலைக்குப் பந்தைப் பாஸ் செய்தான். அங்கே யாரும் இல்லை. பந்து கோட்டுக்கு வெளியே போனது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே மூலை.

மறுபடியும்.

"யாருக்குடா போடுற?" அய்யப்பன் சார் தொண்டை கிழியக் கத்தினார்.

நவுஷாத் மூலையைக் காட்டினான். "சுபாஷ் ஃப்ரீயாதான சார் நிக்கிறான்?"

எல்லோரும் திரும்பி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றான்.

அதே நேரம் எதிர் டீம் கேப்டன் ரெஃப்ரியிடம் ஓடினான். "சார், இவங்க ஆறு பேர் ஆடறாங்க சார்."

ரெஃப்ரி விசிலடித்து, விரல் நீட்டி எண்ணினார். ஐந்து. அந்தக் கேப்டனும் எண்ணினான். ஐந்து. "இல்ல சார், இப்பதான் இருந்தான்," என்றான் சின்னக் குரலில்.

இரண்டு பாயின்ட்டில் ஜெயித்தோம். யாரும் அதிகம் சத்தம் போடவில்லை.

எங்களுக்குத் தங்க ஒரு பள்ளிக்கூட வகுப்பறை கொடுத்திருந்தார்கள். நவுஷாத் முகம் கழுவ பின்பக்கத் தண்ணீர்க் குழாய்க்குப் போனான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் விளக்கு போடவில்லை. நான் சொல்லிவிட வேண்டும் என்று பின்னாலேயே போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த இருட்டோடு பேசிக்கொண்டிருந்தான்.

"உன்ன தனியா உட்டுட்டா போனான்? எவ்ளோ நேரம்டா கத்துன?"

பதில் முணுமுணுப்பாக வந்தது. ஈர இலை வாடை அடித்தது.

"அழாதடா," என்றான் நவுஷாத். "நான் இருக்கேன்ல?"

என்னிடம் அவன் அப்படிப் பேசியதில்லை. நான் அழுததும் இல்லை, அவன் கேட்டதும் இல்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெறும் பொறாமை. ஆறு வருஷமாக அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவன் நான். எங்கிருந்தோ வந்த ஒன்று அரை நாளில் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

"நவுஷாத்து."

அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "சுபாஷு... ஒண்ணு கேட்டா உண்மைய சொல்லுவியா?"

"இன்னா?"

"அங்க எம்பேரச் சொன்னியாடா?"

தெரு முனையில் ஒரு டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரியப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரம் இருந்தது. 'நவுஷாத் என்கூட வர்றான்.' அவ்வளவுதான். வாயைத் திறந்தேன்.

அப்போது அய்யப்பன் சார் வராந்தாவிலிருந்து யாரிடமோ சொல்வது கேட்டது. "அந்த ஆபீசரு நாளைக்குக் காலையில முதல் மேட்சுக்கே வர்றாராம். நம்ம நவுஷாத்தப் பாக்கத்தான்."

வாயை மூடிக்கொண்டேன்.

"சொன்னேனேடா," என்றேன்.

டியூப்லைட் எரிந்தது.

நவுஷாத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இல்லை. ரொம்ப தூரம் போகிறவன் பார்க்கிற மாதிரி இருந்தது. "சரிடா," என்றான். பிறகு குழாயை மூடினான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் எழுந்தபோது நவுஷாத்தின் பாய் காலியாக இருந்தது. அவன் பையும் ஷூவும் சுவரோரம் இருந்தன. வாசலில் ராஜ்தூத் இல்லை. வாட்ச்மேன் தங்கதுரை பல் விளக்கிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னா தம்பி, அஞ்சு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் வண்டியில போனீங்களே. நான்தானே கேட்டைத் தெறந்து உட்டேன். நீங்க எப்போ திரும்பி வந்தீங்க?"

எட்டரை மணிக்கு மேட்ச் ஆரம்பித்தது. நவுஷாத்துக்குப் பதிலாக நான் இறங்கினேன். பதினெட்டு பாயின்ட் போட்டேன். கம்பெனி ஆபீசர் என் பெயரை எழுதிக்கொண்டார்.