நாற்பத்தாறாம் நாள் மீன்

காலை ஆறரைக்குச் சமையலறைச் சுவர்த்திரை மணியடித்தது. காப்பிக்குப் பால் வைத்திருந்த ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். தம்பி செபஸ்தியானின் அன்றைய படம் வந்திருந்தது. நிலவுத் தளத்தின் சன்னல், வெளியே நீலமாகப் பூமி. அழகுக்குக் குறைச்சலே இல்லை. செபஸ்தியான் இறந்து எழுபத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

தூத்துக்குடியில் இதற்கெல்லாம் யாரும் பயந்துபோவதில்லை. வீட்டுக்கு வீடு தொடர்காப்பு இருந்தது. தினம் ஒரு பாட்டு, தினம் ஒரு படம் என்று சூளுரைத்தவர் பாதியில் நிறுத்தினால், அந்த இயந்திரம் அவர் கைவாகைப் படித்துக்கொண்டு மிச்சத்தை முடித்துவைக்கும். எந்த நாளில் கை மாறியது என்று மட்டும் பெறுபவரிடம் சொல்லாது. மனம் நோகக்கூடாதாம். அரைகுறையாய் நின்ற காரியம் என்று ஊரில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன சொல்ல!

நிலவுச் சுரங்க வேலைக்குப் புறப்பட்டபோது செபஸ்தியான்தான் ஆரம்பித்தான். "ஒரு வருசம், தினமும் ஒரு படம் வரைஞ்சு அனுப்புதேன்க்கா. கடைசிப் படத்தை நானே கையில கொண்டாந்து தாரேன்." பென்சில் பிடிக்கவே தெரியாதவன். இருநூற்றுத் தொண்ணூறாம் நாள் சுரங்கம் சரிந்தது. உடலும் வரவில்லை.

மிஞ்சிய ஒரே ஆறுதல் அந்த இருநூற்றுத் தொண்ணூறு படங்கள். அவற்றை அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்ட நினைத்தாள். இயந்திரப் படம் ஒன்றுகூடக் கலந்துவிடக்கூடாதே என்று அந்தக் காலையிலேயே தொடர்காப்பு அலுவலகத்தை அழைத்தாள். இறந்தவரின் குடும்பம் கேட்டால் அவர்கள் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"விபத்து நடந்த அன்னைக்கு வந்த படம் அவன் வரைஞ்சதா, உங்க மெஷினா? அது மட்டும் தெரியணும்மா."

எதிர்முனைப் பெண் பதிவைத் தேடினாள். பிறகு தயங்கினாள். "அவர் கையால வரைஞ்ச கடைசிப் படம் நாற்பத்தாறாவதும்மா."

"இருநூத்தித் தொண்ணூறும்மா. சரியாப் பாருங்க."

"பாத்துட்டேம்மா. நாற்பத்தேழாம் நாள் அவரே தொடர்காப்பை ஆன் பண்ணியிருக்காரு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ரோஸ்லின் அணைக்கக்கூட இல்லை. நாற்பத்தாறாம் நாளைத் திறந்தாள். கோணலாக ஒரு தட்டு, அதில் மூன்று கறுப்புத் திட்டுகள். அடியில் அன்று அவள் அனுப்பிய மறுமொழி அப்படியே கிடந்தது.

"ஏலே, இது மீனா? செருப்பு மாதிரில்லா இருக்கு! இதுக்குப் பேசாம மெஷினையே வரையச் சொல்லலாம்."

சும்மா கேலிக்குத்தான் சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவனை இப்படித்தானே சீண்டுவாள்.

மறுநாளிலிருந்து படங்கள் கண்ணைப் பறித்தன. அவளும் தினம் தினம் புகழ்ந்திருந்தாள். "இப்பதாம்லே கை வந்திருக்கு." "மொதல்ல வரைஞ்சதெல்லாம் தூரப் போடு." நாற்பத்தாறு வரை கதை கதையாகப் பதில் எழுதியவன், அதன்பின் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் எழுதியிருந்தான். "சரிக்கா."

திரும்ப அந்தக் கோணல் படத்துக்கே வந்தாள். தட்டின் விளிம்பில் ஒரு நெளிவு. அன்று அதைப் பென்சில் பிசகு என்றல்லவா நினைத்தாள்? அந்தத் தட்டு இதோ, அவள் அலமாரியில் இருக்கிறது. அவன் கிளம்பிய அன்று அதில்தான் மூன்று சாளை மீன் பொரித்து வைத்தாள். கொஞ்சம் தீய்ந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனான்.

"நாளைக்குக் கடைசிப் படம் வரும்மா," என்றாள் இன்னும் இணைப்பில் இருந்த அந்தப் பெண். "அடுத்த வருசமும் தொடரலாமா?"

"வேண்டாம்மா. நாளைக்கும் வேண்டாம். நிப்பாட்டிருங்க."

மறுநாள் ஆறரைக்கு மணி அடிக்கவில்லை. ரோஸ்லின் நாற்பத்தாறாம் படத்தைத் திறந்து எழுதினாள்: "சாளைதாம்லே. நல்லாத் தெரியுது."

திரை கேட்டது: 'இந்த மறுமொழி யாரையும் சென்றடையாது. அனுப்பலாமா?'

அனுப்பு என்று அழுத்தினாள்.