எதிர்ப்பக்கத்து எடை

கொள்ளிடத்துப் பரிசல் துறைக்குச் சௌரிராஜன் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பதினோரு வருஷமாக அந்தத் துறையை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். அக்கரை நிலத்துக்குப் போவதென்றாலும் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைச் சுற்றி வண்டியில்தான் போவார். தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று ஊருக்கு ஒரு சாக்கு வைத்திருந்தார். இன்று சுற்றிப்போக நேரமில்லை. அக்கரையில் புக்ககத்தில் இருந்த ஒரே மகள் வேதவதிக்கு எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டதாக ஆள் வந்து சொல்லியிருந்தான்.

துறையில் ஒரே ஒரு பரிசல்தான் இருந்தது. துடுப்பைப் பிடித்திருந்தவள் மயிலம்மாள்.

இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் அவரை ஏற்றிவந்த பரிசல்காரன் அம்மாசி, இவள் புருஷன். அவர் மட்டும் கரை சேர்ந்தார். அவன் ஆற்றோடு போனான். சேதி கேட்ட அன்றே இவள் வயிற்றில் இருந்ததும் கலைந்துபோனது.

"ஏறுங்க சாமி," என்றாள்.

ஒற்றை ஆள் ஏறினால் எதிர்ப்பக்கம் ஒரு கருங்கல்லை வைப்பது பரிசல்காரர் வழக்கம். இல்லாவிட்டால் பரிசல் ஒரு பக்கமாகச் சாயும். மயிலம்மாள் கல்லைத் தூக்கினாள். பரிசலைப் பார்த்தாள். கல்லைக் கரையிலேயே வைத்துவிட்டாள்.

"கல் வெக்கலையா?"

"வேணாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "அந்தப் பக்கம் ஆள் உக்காந்திருக்கு."

எதிரே யாருமில்லை. பரிசல் துளியும் சாயாமல் மட்டமாக மிதந்தது.

நடு ஆற்றில் துடுப்பு நின்றது. சேறும் ஊறிய தோலும் கலந்த வாடை அடித்தது. எதிர் விளிம்பில் நான்கு விரல்களின் ஈரத்தடம் பதிந்தது. நான்கும் நுனி நசுங்கியிருந்தன.

பரிசல் மெல்லச் சுற்றத் தொடங்கியது.

"கை வழுக்கி விட்டுட்டாருன்னுதானே சொன்னீங்க சாமி?"

மகளை நினைத்தார். தன் உயிரை நினைத்தார். உண்மையில் அதைத்தான் முதலில் நினைத்தார்.

"மரம் மோதி விழுந்துட்டான். விளிம்பைப் பிடிச்சிண்டான். பரிசல் சாஞ்சுது. கையிலே பித்தளைச் செம்பு இருந்தது. விரல் மேலேயே அடிச்சேன்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"வீட்ல புள்ளத்தாச்சி இருக்கா சாமின்னான்."

மயிலம்மாள் அழவில்லை. துடுப்பை எடுத்தாள். சுழல் நின்றது.

அக்கரை தட்டியதும் அவர் குதித்து இறங்கினார். பிழைத்தோம் என்றுதான் நினைத்தார். பின்னால் அவள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துத் தணிவாகச் சொன்னது காதில் விழுந்தது.

"போயிட்டு வாங்க."

தாழ்ந்திருந்த எதிர்ப்பக்கம், யாரோ இறங்கியதுபோல் மேலே எழும்பியது.

திரும்பிப் பார்க்காமல் ஓடினார். சம்பந்தி வீட்டு வாசலிலேயே குழந்தையின் அழுகுரல் கேட்டது.

"பிள்ளைக் குழந்தை. ரெண்டு பேரும் சௌக்கியம்," என்றார் மாப்பிள்ளை யதிராஜன்.

சௌரிராஜனுக்குக் கண் நிறைந்தது. கூடத்தில் கிடந்த நீள பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார்.

"ஓரத்திலே உக்காராதேங்கோ. மறுபக்கம் தூக்கிண்டுடும், விழுந்துடுவேள்," என்றார் மாப்பிள்ளை.

பெஞ்சு அசையவில்லை.

அவர் தலையைத் திருப்பவில்லை. "என்னை எடுத்துக்கோ," என்று முணுமுணுத்தார். "குழந்தையை விட்டுடு."

பெஞ்சின் மறுகோடி சட்டென்று மேலே தூக்கியது. அவர் தரையில் கிடந்தார்.

ஈரக் காலடிகள் பிரசவ அறையை நோக்கிப் போயின.

உள்ளே குழந்தை அழுகையை நிறுத்தியது.