மறுப்புக்கு ஒரு கை

பேருந்தில் ஏறி ஒருமுறை கண் சிமிட்டினால் பயணச்சீட்டு வந்துவிடும். டீக்கடையில் நீண்ட சிமிட்டல் என்றால் சர்க்கரை வேண்டாம் என்று அர்த்தம். எல்லோர் கண்ணிலும் விழியம் என்ற கருவியைப் பொருத்தியாகிவிட்டது. எந்த நிறுவனம் செய்த விழியமாக இருந்தாலும் இந்தச் சிமிட்டல் பேச்சு, அதாவது இமைமொழி, அதற்குப் புரியும். எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதித்தொகுப்பான விழிய நியமத்தில் மட்டும் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

நியமத்தில் இல்லாததை நிறுவனம் நினைத்தபோது பிடுங்கிக்கொள்ளலாம். என் கணவர் ஜெயசீலன் லிஃப்ட்டில் பக்கவாதம் வந்து விழுந்தபோது அவருக்கு அசைந்தது இமை ஒன்றுதான். உதவி கேட்டுச் சிமிட்டிக்கொண்டே கிடந்து செத்திருக்கிறார். அதற்கு முந்தைய வாரம் வந்த அப்டேட்டில் அவருடைய விழியத்திலிருந்து இமைமொழியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

நியமக் குழுவில் வாக்கெடுப்பு கிடையாது. உறுப்பினர் ஒருவர் மறுத்துக் கை தூக்கினால் தீர்மானம் செத்தது. இமைமொழியை நியமத்தில் எழுதச் சொல்லி நான் மனுப் போட்டபோது கை தூக்கியவர் அன்றைய தலைவர் நம்பிராஜன்.

“ஊரே செய்யுதுங்கிறதுக்காக எழுத முடியாதும்மா. ஆளாளுக்கு ஒட்டவச்சதை எல்லாம் சேர்த்தா அது நியமமா, குப்பைத்தொட்டியா?” என்றார்.

அந்த ஆளைப் பழிவாங்கவே படித்து, தேர்வெழுதி, அதே குழுவில் உறுப்பினரானேன். வேறு உயர்ந்த நோக்கமெல்லாம் எனக்குக் கிடையாது.

இன்று நம்பிராஜனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள் அவர் மகள் உமையாள். அவருக்கும் பக்கவாதம்.

“அப்பா இப்ப இமைமொழியிலதான் பேசறார் மேடம். அடுத்த அப்டேட்ல எடுத்துடுவோம்னு கம்பெனில சொல்றாங்க. நீங்க நியமத்துல எழுதிட்டா எடுக்க முடியாது.”

“மறுப்பு உண்டா?” என்று கேட்டார் இப்போதைய தலைவர் கதிரவன்.

நான் கை தூக்கினேன். அன்று நம்பிராஜன் சொன்னதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். கெஞ்சட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் சிமிட்டினார். நாற்காலியின் ஒலிபெருக்கி பேசியது. “நீ சொன்னது சரிதாம்மா. நானும் மறுத்திருப்பேன். இவதான் கேக்காம இழுத்துட்டு வந்துட்டா.”

கண்ணில் அப்படியொரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊமையானாலும் கொள்கையில் ஜெயித்துவிட்டதாக இந்த மனுஷன் நிம்மதியாகப் படுத்திருப்பார். ஜெயசீலன் செத்ததும் நியாயம் என்றாகிவிடும்.

கையை இறக்கினேன். “மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.”

“வேண்டாம், எழுதாதீங்க” என்றது ஒலிபெருக்கி.

“உறுப்பினர் இல்லாதவங்களுக்கு மறுப்புரிமை கிடையாது சார்,” என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது. உமையாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இனி இந்த மனுஷன் ஒரு வாய் தண்ணீர் கேட்டாலும், நியமத்தில் ஏறிவிட்ட இமைமொழியில், தான் தோற்றதை ஒப்புக்கொண்டுதான் கேட்க வேண்டும். எனக்கு இனித்தது.

நம்பிராஜன் என்னைப் பார்த்தார். பிறகு இமைகளை இறுக மூடிக்கொண்டார்.

உமையாள் என் கையை விட்டுவிட்டு நாற்காலி முன்னால் மண்டியிட்டாள். “அப்பா, ஏதாவது பேசுங்கப்பா.”

அவர் இமைகளை இன்னும் இறுக்கினார். நாங்கள் அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் அவள் அவர் தோளை உலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கண்ணைத் திறங்கப்பா.”