கோச் கடித்த துண்டு

கல்லூரி விளையாட்டரங்கில் அன்று எள் போட இடமில்லை. முப்பத்தோரு வருஷம் அங்கே கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த கோச் போன மாதம் இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் இன்றைய ஆட்டம். களத்தின் ஓரத்தில் அவருடைய மடக்கு நாற்காலி காலியாக இருந்தது.

வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் கல்லூரி முதல்வர் ஒட்டிய காகிதம்: ‘கோச்சின் பச்சைத் துண்டை வைத்திருப்பவர் ஒப்படைக்கவும். பெட்டியில் பூட்டிப் பாதுகாக்கப்படும். கொடுத்தவர் பெயர் எழுதப்படும்.’

பெயர் எழுதுகிறேன் என்றால் மனுஷன் சும்மா இருப்பானா? ஒரு துண்டு கேட்டார், மூன்று வந்தது.

முடிதிருத்துபவர் கொண்டுவந்ததில் ஒரு மூலை இல்லை. “கோச் கடிச்ச இடம்” என்றார். கத்தரிக்கோல் வெட்டு நேராகத் தெரிந்தது. பழைய கேப்டன் கொண்டுவந்தது நீலம். “பச்சைதான் சார், வெளுத்துப்போச்சு” என்றார். மூன்றாவது, எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிற பஸ் டிரைவருடையது. அதில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது.

முதல்வர் மூன்றையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “ஆட்டம் முடியட்டும்” என்றார்.

மாமா ஐந்தாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகள், பத்து வயது. சுண்டெலி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் மடியில் பள்ளிக்கூடப் பை. பைக்குள் அசல் துண்டு.

கோச் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பதற்றம் வந்தால் துண்டின் மூலையைக் கடிப்பார். பையன்கள் பின்தங்கினால் துண்டைச் சுருட்டி, திரும்பிப் பார்க்காமலே கூட்டத்துக்குள் எறிவார். யார் மேல் விழுகிறதோ அவர் எழுந்து கத்த வேண்டும். பிறகு அது கைமாறிக் கைமாறி அவர் நாற்காலிக்கு வந்து சேரும். அதற்குள் அரங்கத்துக் கூரை ஆடிவிடும்.

கடைசி ஆட்டத்தில் அது சுண்டெலி மேல் விழுந்தது. அதே நொடியில் கடைசிப் பந்து வளையத்தில் விழுந்து ஆட்டமும் முடிந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் களத்துக்குள் ஓடினார்கள். அவள் மட்டும் துண்டோடு நின்றாள். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு எடுத்துப்போனாள். மூன்றாம் நாள் கோச் இல்லை.

“எவனோ திருடிட்டான்” என்று ஊரே பேசியது. அவள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தாலோ பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள்.

ஆட்டம் படுமோசமாகப் போனது. நான்கு நிமிஷம் பாக்கி. ஒன்பது புள்ளி பின்னால். பையன்கள் பந்தைப் பார்க்காமல் அந்தக் காலி நாற்காலியையே பார்த்தார்கள். கூட்டமும் உம்மென்று இருந்தது.

சுண்டெலி பையைத் திறந்தாள். மாமாவின் கண் அகலமானது.

“அடியே, நீதானா அந்தத் திருடி?”

“திருடலை மாமா. திருப்பித் தர முடியலை. அவ்வளவுதான். உங்க துண்டு எங்க கிடைச்சுது?”

மாமா மூக்கைத் தடவினார். “அதை விடு. இதைக் கொண்டா, பெட்டியில வச்சிடலாம்.”

“பெட்டிக்குள்ள இருந்தா யார் மேல விழும் மாமா?”

அவள் துண்டைச் சுருட்டினாள். பெஞ்சின் மேல் ஏறினாள். களத்தைப் பார்த்து நின்று, திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் எறிந்தாள்.

மேல்வரிசையில் இருந்த முடிதிருத்துபவர் மூஞ்சியில் போய் விழுந்தது.

அவர் திட்ட வாயெடுத்தார். மூலையைப் பார்த்தார். பல் பட்டுப் பட்டு நைந்துபோன மூலை. மெதுவாக எழுந்தார். “டேய், இதுதான்டா அது” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

துண்டு இறங்கியது. முன்வரிசை, அதற்கு முன்வரிசை. தொட்டவர்களெல்லாம் கத்தினார்கள். கால்கள் தடதடவென்று தரையை உதைத்தன. பழைய கேப்டன் அதை வாங்கி ஓடிப்போய் நாற்காலியில் போட்டார்.

பையன்கள் நிமிர்ந்தார்கள். ஒன்பது ஏழானது. ஏழு நான்கானது. மாமா சுண்டெலியின் கையைப் பிடித்து நசுக்கினார். “கை வலிக்குது மாமா.” “சும்மா இரு, எனக்கு நெஞ்சே வலிக்குது.”

ஒரு புள்ளி பின்னால். மூன்று விநாடி. உயரமான பையன் எம்பிப் போட்டான். பந்து வளையத்தில் சுற்றியது, சுற்றியது, விழுந்தது.

அப்புறம் யாருக்கும் யார் பேசியதும் கேட்கவில்லை. ஜெயித்த பையன்கள் துண்டை மேலே எறிந்தார்கள். அது சாவியோடு நின்ற முதல்வர் தலையில் வந்து உட்கார்ந்தது.

முதல்வர் துண்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார். திரும்பி நின்று, பின்பக்கம் எறிந்தார்.

“எறியவே தெரியலை இவருக்கு” என்று மாமா சொல்லிக்கொண்டே, அதைப் பிடிக்க இரண்டு வரிசை தாண்டிக் குதித்தார்.

அந்தக் கண்ணாடிப் பெட்டி இப்போதும் வாசலில்தான் இருக்கிறது. உள்ளே மூன்று துண்டுகள். ஒன்றில்கூடக் கோச்சின் பல் பட்டதில்லை.