சாயம் விலகிய இடம்

சிவப்புச் சாயம் நேராக இறங்காமல் எதையோ சுற்றிக்கொண்டு போனது.

லிடியா குனிந்து பார்த்தாள். இடுப்பளவு உயரத்தில், கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தொட்டி அது. கொடைரோடு பக்கத்து ஆலையில் கொதிக்கும் உருக்கை ஊற்றி வார்க்கிற அச்சின் மூன்றில் ஒரு பங்கு அளவு. ஓடுகிற விதத்தில் உருக்குக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே ஊற்றுக் குழாயை மாற்றினால், இங்கே சோதனைக்கூடத்தில் சாயம் விட்ட தண்ணீரை ஓட்டிப் பார்த்து அவள் "சரி" என்று அனுப்பிய பிறகுதான் உருக்கு ஊற்றுவார்கள்.

இன்று அந்த முறை தப்பிவிட்டது. காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. திண்டுக்கல்லில் லாரி என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? புதுக் குழாயில் சின்ன மாற்றம்தானே என்ற மெத்தனத்தில் ஓட்டிப் பார்க்காமலே "சரி" அனுப்பிவிட்டாள். மதியம் லாரி வந்ததும் மனசு கேட்காமல் தொட்டியை நிரப்பினாள். மூன்று மணிக்கு அங்கே ஊற்று. ஊற்று மேடையில் நிற்பது அவள் கூடப்பிறந்த அண்ணன் ஸ்டான்லி.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மோட்டாரின் உறுமலும், குளோரின் வாடையும், குழாய்வழியே தண்ணீர் இறங்கும் களக் களக் சத்தமும். சாயம் பரவப் பரவ, நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம் துலங்கி வந்தது. தலை. தோள். இரண்டு கால்கள். இடது கை மட்டும் முழங்கையில் மடங்கியிருந்தது.

காற்றுக் குமிழ். கர்த்தரே, குமிழாகவே இருக்கட்டும். ஸ்கேலை வெளியே வைத்து அளந்தாள். ஐம்பத்தேழு சென்டிமீட்டர். மூன்றால் பெருக்கினாள். நூற்று எழுபத்தொன்று.

ஸ்டான்லியின் உயரம். ஏழு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து ஒடிந்த இடது கை அவனுக்கு இன்றும் நீளாது.

மணி மூன்றாக ஐந்து நிமிடம். ஸ்டான்லிக்குப் போன் போட்டாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தான்.

"என்னத்தா?" பின்னால் ஒரே இரைச்சல்.

"அண்ணே, மேடைய விட்டு எறங்கு! நான் ஓட்டிப் பாக்காமலே சரின்னு அனுப்பிட்டேன். நிப்பாட்டச் சொல்லு!"

"அடிப்பாவி, இப்பப் போயி சொல்றியே! உருக்குக் கொப்பரையத் தொறந்தாச்சு. செத்த நேரம் பொறு, எறங்கி வாரேன்..."

இரைச்சல் நின்றது. மொத்தமாக.

"அண்ணே! அண்ணே!"

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக, ஓடிப்போய் வால்வை மூடினாள். மோட்டாரை நிறுத்தினாள். ஓட்டம் நின்றால் சாயம் கலந்து வெற்றிடம் மூட வேண்டும்.

மூடவில்லை.

தொட்டியின் சுவரைத் தொட்டாள். சுட்டது. பச்சைத் தண்ணீர்தான் ஊற்றினாள். கையை உதறிக்கொண்டாள்.

போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"அண்ணே?"

"லிடியா..." குரல் பக்கத்திலேயே கேட்டது. "எங்க பாத்தாலும் சிவப்பா இருக்குத்தா. சூடு தாங்கல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறது நீதானா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள்.

சிவப்புக்குள் அந்த மடங்கிய இடது கை மெல்ல உயர்ந்தது. உள்ளங்கை சுவரில் பதிந்தது. ஐந்து விரல்கள்.

தட்டியது.